படித்துறை வேண்டும், அணை வேண்டாம்

ஆறு ஒன்றுதான், படித்துறைகளோ பல. குடகில் பிறந்து கடல் சேரும் காவிரிக்கு ஊர்தோறும் ஒரு துறை உண்டு, துறைதோறும் ஒரு பெயர் உண்டு. துறை கட்டியதால் ஆறு எங்கும் நின்றுவிடுவதில்லை. இறங்க விரும்புகிறவர் தமக்கு வேண்டிய இடத்தில் இறங்கிக் குளிக்கிறார். ஆறு தன் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. அணை அப்படியன்று. அது ஓட்டத்தைத் தடுக்கிறது. நாங்கள் எழுத வந்தது ஆற்றைப் பற்றியன்று, இசையைப் பற்றியே. இடைவிடாமல் ஓடும் ஒரு நீண்ட இசைப்பதிவைச் சி.டி.யில் எழுதும்போது அதற்குப் படித்துறை கட்ட வேண்டுமா, அணை கட்ட வேண்டுமா, ஒன்றுமே கட்டாமல் விட்டுவிடலாமா என்பதே எங்கள் கேள்வி. இது அற்பமான கேள்வி என்று சிலர் எண்ணக்கூடும். அற்பமன்று என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

டி.ஜே. மிக்ஸ் என்பதை நம் பெற்றோரில் சிலர் திருமண வரவேற்பில் காதைப் பிளக்கும் சத்தம் என்று மட்டுமே அறிந்திருப்பர். அதற்கும் ஒரு வரலாறும் ஒரு கலையும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்னும் ஏழைகள் நிறைந்த பகுதியில், 1970-களில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இரண்டு சுழலிகளில் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி இசைத்து நீட்டிக் காட்டினார். ஆடுவோர் அந்தப் பகுதிக்காகவே காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கும் வித்தையும் அக்காலத்து நியூயார்க்கில் வளர்ந்ததுதான்.

அந்த வித்தை எளிதன்று. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்றும், அடுத்தது 118 அடி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே சேர்த்தால் சில நொடிகளில் தாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டாவது பாட்டின் வேகத்தை நூற்றுக்கு ஏறத்தாழ 1.7 பங்கு கூட்ட வேண்டும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1979-இல் வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்ற சுழலியில் இதற்கென்றே ஒரு நகர்த்தி இருந்தது. அதனால் வேகத்தை நூற்றுக்கு 8 வரை கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. எதைக் கூட்டுவது, எப்போது சேர்ப்பது என்பதைக் காதுதான் தீர்மானித்தது. எனவே நல்ல மிக்ஸ் ஒன்றில் பாட்டுகளைப் போலவே, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள இணைப்பும் ஒருவருடைய உழைப்பே. அதை நாம் மறக்கலாகாது.

இத்தகைய மிக்ஸ்களை மக்கள் பதிவு செய்து வைத்துக் கேட்க விரும்பினர். பி.பி.சி. ரேடியோ 1 நிலையம் 1993-இல் எசென்ஷியல் மிக்ஸ் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. வாரம் ஒருவர் இரண்டு மணி நேரம் இடைவிடாமல் இசைத்தளித்த நிகழ்ச்சி அது. நேயர்கள் அதை முதலில் கேசட்டிலும், பின்னர் கம்ப்யூட்டரிலும் பதிந்து வைத்தார்கள். வீட்டிலேயே சி.டி. எழுதும் கருவிகள் பரவியபோது, அந்தப் பதிவுகளைத் தகட்டில் ஏற்றும் ஆசையும் வந்தது. அப்போதுதான் சிக்கல் தலைகாட்டிற்று. கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே நீண்ட பதிவு. அதை அப்படியே எழுதினால் தகட்டில் ஒன்றாம் எண் மட்டுமே இருக்கும். இரண்டாம் எண் கிடையாது. வெட்டி எழுதினாலோ பாட்டுக்குப் பாட்டு மௌனம் விழுகிறது.

இச்சிக்கல் லண்டனில் மட்டும் இருப்பதன்று. எங்கள் பள்ளி மண்டபத்திலும் இருந்தது. கடந்த ஆண்டு விழா நடனத்திற்காக ஒன்பது பாட்டுகளைக் கோத்து 24 நிமிட மிக்ஸ் ஒன்று கடையில் செய்து வாங்கப்பட்டது. மாணவியர் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. ஆகவே மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைந்த சி.டி. பிளேயரே எங்களுக்குத் துணை. கடையில் தந்த தகட்டில் இருந்ததோ ஒரே ஓர் எண். ஒரு பாடவேளை 40 நிமிடம். மிக்ஸ் ஒரு முறை முழுதாக ஓடி முடிந்தால் மீதி 16 நிமிடம். இடையில் எங்கும் நேராகப் போக வழியில்லாததால், மறுபடியும் முதலிலிருந்தே போடுவார்கள். மணி அடித்துவிடும்.

இதன் விளைவைத் தோழியர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் பாட்டுகளுக்கு ஆடிய மூத்த மாணவியராகிய நாங்கள் ஒவ்வொரு நாளும் இருமுறை பழகினோம். கடைசிப் பாட்டுக்கு ஆடிய ஆறாம் வகுப்புத் தங்கையர் ஒரே ஒரு முறை பழகினர். அதிகப் பயிற்சி தேவைப்பட்டது சிறியவர்களுக்கு, கிடைத்தது பெரியவர்களுக்கு. அவர்களுள் ஒரு சிறுமி காய்ச்சலால் மூன்று நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் பகுதியை மட்டும் தனியே போட்டுக் கற்றுக்கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. அவளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. தோழியரின் தண்ணீர்ப் பாட்டில்களைக் காத்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்திருந்தாள். இதில் எவரையும் நாங்கள் குறை கூறவில்லை. ஆசிரியையின் அன்பில் குறைவில்லை, நேரத்தில்தான் குறைவு. அந்த நேரத்தைத் தின்றது தகட்டில் இல்லாத ஓர் எண்.

ஒரு குறி இல்லாததால் ஒரு குழந்தை மேடை ஏறவில்லை என்றால், அதை அற்பம் என்று எப்படிச் சொல்வது?

இனி, எதிர்க்கருத்துகளைப் பார்ப்போம். "மிக்ஸ் என்பது முழுமையான ஒரு படைப்பு, அதைச் செய்தவர் ஒன்றாகவே செய்தார், அதைப் பிரிப்பது அவரை அவமதிப்பது" என்பர் ஒரு சாரார். இக்கருத்தில் மரியாதை இருக்கிறது. அதை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் குறியிடுவதும் பிரிப்பதும் ஒன்றல்ல. திருவிவிலியத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்னும் பேராயரால் ஏற்பட்டது என்பர். புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் 1551-இல் இட்டார். நற்செய்தியாளர்கள் எழுதியபோது அந்த எண்கள் இல்லை. எண் இட்டதால் ஒரு சொல்லும் குறையவில்லை, ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. ஆயினும் அந்த எண்கள் இல்லையென்றால், மறைக்கல்வி வகுப்பில் நாற்பது பேர் ஒரே வரியை ஒரே நேரத்தில் திறப்பது எப்படி?

இசையிலும் இதற்குச் சான்று உண்டு. பியானோ பயிலும் தோழியர் மெண்டல்சன் பெயரை அறிவர். 1845-இல் முதன்முதலாக இசைக்கப்பட்ட அவருடைய ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோவில் மூன்று பகுதிகளும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. முதற்பகுதி முடியும்போது பாசூன் என்னும் குழல் ஒரே ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நம்மை இரண்டாம் பகுதிக்கு அழைத்துச் செல்கிறது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியிலும் மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் நிற்காமல் நுழைகிறது. இவற்றைச் சி.டி.யில் வெளியிடுவோர் பகுதிக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். இசையோ ஓரிடத்திலும் அறுவதில்லை. எண் மாறுவதைக் கண்தான் காண்கிறது, காது அறிவதில்லை. லண்டனின் ஃபேப்ரிக் என்னும் இசைக்கூடம் 2001 முதல் 2018 வரை வெளியிட்ட புகழ்பெற்ற மிக்ஸ் வரிசையிலும் இந்த முறையே கையாளப்பட்டது. இசை ஒரே ஓட்டம், எண்கள் பல. ஆகவே மிக்ஸ் செய்கிறவர்களே குறியிடுவதை அவமதிப்பாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிர். "கத்தரிக்கோல் எடுத்து ஒன்பது துண்டாக்கிவிட்டால் போயிற்று" என்பர். எங்கள் மிக்ஸைப் பிரித்துத் தருமாறு கேட்டபோது அந்தக் கடையில் செய்ததும் அதுவே. ஒன்பது எண்கள் வந்தன. கூடவே எட்டு மௌனங்களும் வந்தன. ஒவ்வொரு மௌனமும் ஏறத்தாழ இரண்டு வினாடி. இரண்டு வினாடிதானே என்று தோன்றும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு அரை வினாடி. நான்கு அடிக்கு இரண்டு வினாடி. அதாவது ஒரு முழுத் தாளவட்டம் காணாமற் போகிறது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று அறுபது பெண்கள் ஒரே நேரத்தில் திகைக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு இரண்டு வினாடி எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

அந்த மௌனம் எங்கிருந்து வருகிறது? இதைத் தெரிந்துகொண்டால் பாதி நோய் தீர்ந்தது. சி.டி.யில் எழுத இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, டிராக்-அட்-ஒன்ஸ். இதில் ஒவ்வொரு பாட்டையும் எழுதி முடித்ததும் லேசர் ஒளி அணைந்து, அடுத்த பாட்டுக்கு மீண்டும் எரிகிறது. அந்த இடத்தில் பொதுவாக இரண்டு வினாடி இடைவெளி விழுந்துவிடும். மற்றொன்று, டிஸ்க்-அட்-ஒன்ஸ். இதில் தகடு முழுவதையும் முதலிலிருந்து முடிவு வரை லேசர் அணையாமல் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறது. பாட்டுகளுக்கு இடையே இடைவெளி வேண்டாம் என்று சொன்னால் அது அப்படியே கேட்கும். கடைக்காரர் இரண்டாம் முறையைத் தேர்ந்திருந்தால் அறுபது பெண்களின் கால்களும் தப்பியிருக்கும்.

இரண்டாவது காரணம், எம்.பி.3. வெட்டிய துண்டுகளைப் பலர் எம்.பி.3 ஆக மாற்றி வைத்துப் பின்னர்த் தகட்டில் ஏற்றுகிறார்கள். எம்.பி.3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகவே அடுக்குகிறது. கடைசிக் கட்டு நிறையாவிட்டால் வெறுமையால் நிரப்புகிறது. தொடக்கத்திலும் சிறிது வெறுமையைச் சேர்க்கிறது. தனிப்பாட்டுக்கு இதனால் தீங்கில்லை. ஓடும் இசையை வெட்டிச் செய்தால், ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சிறு பள்ளம் விழும். ஆகவே சி.டி.க்குப் போகும் பதிவை வேவ் வடிவிலேயே வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது காரணம் நுட்பமானது. ஆனால் கணக்குப் பாடம் படிக்கும் நமக்கு எளிதில் விளங்கும். சி.டி.யில் ஒரு வினாடி ஒலி, ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 மாதிரிகளாக எழுதப்படுகிறது. அந்த ஒரு வினாடி 75 ஃபிரேம்களாகப் பிரிந்திருக்கிறது. 44,100-ஐ 75-ஆல் வகுத்தால் 588. ஆகவே ஒரு ஃபிரேமுக்கு 588 மாதிரிகள். சி.டி.யில் ஒரு பாட்டு ஃபிரேமின் எல்லையில்தான் தொடங்க முடியும். நடுவில் தொடங்க முடியாது. நாம் கண்ட இடத்தில் வெட்டினால், கடைசி ஃபிரேமின் எஞ்சிய இடத்தை எழுதும் மென்பொருள் வெறுமையால் நிரப்பிவிடும். அது ஒரு வினாடியில் 75-இல் ஒரு பங்கிற்கும் குறைவுதான். ஆயினும் காது அதை "டிக்" என்று கண்டுபிடித்துவிடுகிறது. பொங்கலில் ஒரே ஒரு கல் கிடந்தாலும் பல் அறியும் அல்லவா?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வெட்டவே வேண்டாம், குறி மட்டும் இட வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் மிக்ஸைத் திறந்து ஓடவிட்டால் ஒலி அலைகள் மலைத்தொடர் போலத் திரையில் தெரியும். இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் விசையையும் எம் விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். குறிக்குப் பாட்டின் பெயரைச் சூட்டலாம். நேரத்தைச் சி.டி. ஃபிரேம் கணக்கில் காட்டும்படி அமைத்துக்கொண்டால், குறியை ஃபிரேமின் எல்லையிலேயே நிறுத்தலாம். பின்னர் குறிக்கு ஒரு கோப்பாகப் பிரித்து எடுத்து, அவற்றை இடைவெளியின்றி ஒரே மூச்சில் எழுதினால் ஓட்டம் அறாது.

இதைவிட அழகிய வழி ஒன்றும் உண்டு. கியூ ஷீட் என்று அதற்குப் பெயர். மிக்ஸ் ஒரே கோப்பாக, முழுமையாக, தொடப்படாமல் இருக்கும். அதன் பக்கத்தில் சில வரிகளே கொண்ட ஒரு சிறு எழுத்துக் கோப்பு இருக்கும். எந்தப் பாட்டு எந்த நிமிடம், எந்த வினாடி, எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்பதை மட்டும் அது சொல்லும். எழுதும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்து எண்களை இட்டுக்கொள்ளும். ஒலியிலிருந்து ஒரு துளியும் வெட்டப்படுவதில்லை. நாங்கள் சொன்ன படித்துறை என்பது இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். சில மென்பொருள்கள் ஒவ்வொரு பாட்டின் ஒலியளவையும் தாமே ஒரே அளவாக்க முயலும். மிக்ஸுக்கு அது ஆகாது. மெல்ல முடியும் பாட்டின் சத்தத்தை ஏற்றி, அடுத்ததை அப்படியே விட்டால், இணைப்பில் ஒலி குதிக்கும். அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். மற்றொன்று, தகட்டின் கொள்ளளவு. சாதாரணமாகக் கிடைக்கும் தகட்டில் 80 நிமிடம்தான் அடங்கும்; எண்களும் 99-க்கு மேல் போகா. இரண்டு மணி நேர மிக்ஸுக்கு இரண்டு தகடு வேண்டும். அங்கு மட்டும் உண்மையாகவே ஒரு வெட்டு விழுந்தே தீரும். அதை மறைக்க முயல வேண்டாம். முதல் தகட்டின் முடிவில் இசையை மெல்லத் தேயவிட்டு, இரண்டாம் தகட்டைச் சில தாளவட்டம் முன்னிருந்தே மெல்ல எழும்படி தொடங்கலாம். கேட்பவருக்கு விட்ட இடம் நினைவில் தட்டும்.

குறியை எங்கே இடுவது என்பதில்தான் மனிதரின் தீர்ப்பு வேண்டும். மிக்ஸில் இரண்டு பாட்டுகள் அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடச் சேர்ந்தே ஒலிக்கின்றன. புதிய பாட்டின் முதல் ஒலி கேட்கும் இடத்தில் இடுவதா, பழைய பாட்டின் கடைசி ஒலி மறையும் இடத்தில் இடுவதா? முதலாவதில் இட்டால், இரண்டாம் எண்ணை அழுத்துகிறவருக்கு வெகுநேரம் ஒன்றாம் பாட்டே கேட்கும். இரண்டாவதில் இட்டால், புதிய பாட்டின் தொடக்கம் பறிபோகும். புதிய பாட்டு வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்தத் தாளவட்டத்தின் முதல் அடியில் குறியிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. நடனத்துக்கும் அதுவே பொருந்தும். முதல் அடியில் தொடங்கினால்தான் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி உடனே காலெடுத்து வைக்க முடியும். இதைச் சத்தம் குறையும் இடத்தைப் பார்த்துத் தானே வெட்டும் கருவியிடம் விட்டுவிட முடியாது; நல்ல மிக்ஸில் மௌனமே இல்லையே! அதை இணைத்தவர் காதால் இணைத்தார். நாமும் காதாலேயே குறிக்க வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். மிக்ஸ் ஒரே எண்ணாக இருக்கும்போது, அதில் பாடியவர், இசையமைத்தவர், வாத்தியம் வாசித்தவர் எல்லாரும் பெயரற்றுப் போகிறார்கள். "நடனப் பாட்டு" என்ற ஒரே பெயருக்குள் ஒன்பது பேருடைய உழைப்பு மூழ்கிவிடுகிறது. எண்ணிட்டு, உறையில் பாட்டின் பெயரும் அதை ஆக்கியோர் பெயரும், இணைத்தவர் பெயரும் எழுதுவது நன்றியறிதல். அது சட்டத்தையும் நமக்கு நினைவூட்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர், மாணவர், பெற்றோர் முதலியோர் மட்டும் கூடியுள்ள பள்ளி நிகழ்ச்சியில் ஒலிப்பதிவை இசைக்க இடம் தருகிறது. அதற்காக அந்தத் தகட்டைப் படியெடுத்து விற்கலாம் என்று பொருளாகாது. பிறர் தோட்டத்து மலரைத் தொடுத்துச் சூடுவது வேறு; கடை விரிப்பது வேறு.

"இந்தக் காலத்தில் சி.டி. எதற்கு? புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போடும் இடமே இல்லையே!" என்று அண்ணன்மார் சிரிக்கலாம். சி.டி. 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது என்றால் அது எங்கள் தாய்மாருக்கும் மூத்தது என்பது உண்மைதான். ஆனால் கைபேசி நுழையாத மண்டபத்தில், இணையம் எட்டாத மேடையில், நடுவே விளம்பரமோ அழைப்போ குறுக்கிடாமல் ஒலிப்பது தகடுதான். மேலும், நாளை தகடே மறைந்தாலும் இந்த அறிவு மறையாது. ஒரு நீண்ட சொற்பொழிவின் பதிவுக்கோ, பாட்டியின் குரலில் மூன்று மணி நேரம் பதிந்து வைத்த குடும்பக் கதைக்கோ இதே வேலைதான் தேவைப்படும். குறி இல்லாத நீண்ட பதிவை எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பர். எவரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் மிக்ஸின் கதை முடிவைச் சொல்லிவிட வேண்டும். கணினி ஆசிரியையின் அனுமதியோடு ஒரு மாலைப்பொழுதில் நாங்கள் நால்வர் அமர்ந்து ஒன்பது குறிகளை இட்டோம். முதற்குறி தொடக்கத்திலேயே வந்துவிட்டதால் காதுக்கு வேலை கொடுத்தவை எட்டுதான். ஏழாவது குறிக்கு மட்டும் நால்வருக்குள் கால் மணி நேரம் வாக்குவாதம். தகடு தயாரானபின் ஆசிரியை ஒன்பதாம் எண்ணை அழுத்தி ஆறாம் வகுப்பிலிருந்தே பயிற்சியைத் தொடங்கினார்கள். விழாவுக்கு இருந்த நாள்கள் நான்கு. அந்தத் தங்கையின் இடத்தில் வேறொருத்தி நின்று பழகிவிட்டாள். ஆகவே வரிசையின் ஓரத்தில் அவளுக்குப் புதிதாக ஓர் இடம் உண்டாக்கினார்கள். நான்கு நாளில் கடைசிப் பாட்டை அவள் எத்தனை முறை ஆடினாள் என்று நாங்கள் எண்ணவில்லை, அவள் எண்ணியிருக்கிறாள். முப்பத்தொரு முறையாம்.

ஆகவே பெரியோர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. பள்ளிக்கு இசைத்தகடு செய்து வாங்கும்போது மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: இடைவெளியின்றி ஒரே மூச்சில் எழுதிய தகடு, பாட்டுக்குப் பாட்டு எண், எண்ணுக்கு எண் பெயர் எழுதிய தாள். இதற்குப் பணச்செலவு கூடாது. ஒருவருடைய அரைமணி நேர அக்கறைதான் கூடும். தோழியரே, நாமும் இதைக் கற்றுக்கொள்வோம். ஓட்டத்தை அறுக்காமல் வழி காட்டுவது இசைக்கு மட்டும் உரிய ஒழுக்கமன்று. முன்னே போகிறவர்கள் நின்றுவிடாமலும், பின்தங்கியவர்கள் தமக்கு வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ளவும் இடம் வைப்பதே நல்ல வகுப்பறை, நல்ல இல்லம், நல்ல சமுதாயம். ஆறு ஓடட்டும். சிறியவரும் இறங்கப் படிகள் கட்டுவோம்.